வீட்டுத் தோட்டத்தில் புளிச்சகீரை: விதையே மூலதனம்

15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. 2015-16இல் இது 53 சதவீதமாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையின் இடத்தைக் கீரை பிடித்துவிட இயலாது. எனினும் அன்றாட உணவு செழிப்படையாமல் மாத்திரை மட்டும் நிலையான பயன் தராது. வீட்டுத் தோட்டத்தின் முக்கியத்துவம் இங்குதான் தோன்றுகிறது.

ஏன் புளிச்சகீரை?

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கோங்கூரா, கர்நாடகத்தில் புண்டி, மகாராஷ்டிரத்தில் அம்பாடி என இக்கீரை வழங்குகிறது. வெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி வறட்சியை ஓரளவு தாங்கும். சாதாரண மண்ணிலும் வளரும். இதன் தண்டு நார் தருவது. பீமுனிப்பட்டினத் துறைமுகத்தின் பெயரால் 'பிம்லி சணல்' என்று வணிகத்தில் அறியப்பட்ட நார் இவ்வினத்தினுடையதே.

பயிரிடும் முறை

ஜூன், ஜூலை மாதங்களில், முதல் மழைக்குப்பின் மண்ணைக் கொத்தி மக்கிய தொழு உரம் இட வேண்டும். ஓர் அடி இடைவெளியில் வரிசை பிடித்து, அரை அங்குல ஆழத்தில் விதைக்கலாம். ஒரு வாரத்திற்குள் முளை தோன்றும். நெருக்கமான நாற்றுகளைக் களைந்து சமையலுக்குப் பயன்படுத்தலாம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் நுனி கிள்ளத் தொடங்கினால் பக்கக் கிளைகள் வெடித்து, மேலும் பலமுறை கீரை கிடைக்கும். பகற்பொழுது குறுகும்போது பூக்கும் இயல்புடையதாதலால், காலம் தாழ்த்தி விதைத்தால் இலை பெருகுமுன்னரே செடி பூத்துவிடும்.

விதை சேமிப்பு

தோட்டத் திட்டங்கள் பலவும் தடுமாறுவது இரண்டாம் ஆண்டில்தான். இலவச விதைப் பொட்டலம் வருவது நின்றால் பாத்தியும் தரிசாகிவிடுகிறது. இதற்குத் தீர்வு செலவற்றது: ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று அல்லது நான்கு செடிகளைக் கிள்ளாமல் விதைக்கென விட வேண்டும். பறித்தபின் எஞ்சிய நோஞ்சான் செடியை விதைக்கு விடுவது வழக்கத்திலுள்ள தவறு. பூச்சி தாக்காததும், இலை மிகுந்ததும், பிந்திப் பூப்பதுமான செடியையே முன்னதாகத் தேர்ந்து அடையாளமிட வேண்டும். இச்செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் தாய்ச்செடியின் குணம் விதையில் நிலைக்கும்.

காய்கள் பழுப்பேறியதும், வெடித்துச் சிதறுமுன் பறித்து, உலர்த்தி, சாம்பல் கலந்து, ஈரம் புகாத கலத்தில் வைக்கலாம். ஒரு காயில் சுமார் 20 விதைகள் இருக்கும். சில செடிகளே அண்டை வீடுகளுக்கும் போதும்.

உணவில் கவனம்

இதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சிறுநீரகக் கல் உடையோர் அளவறிந்து உண்ண வேண்டும். பருப்புடன் சேர்த்துச் சமைப்பது நல்ல வழக்கம்.

வழங்கப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கை செலவின் கணக்கேயாகும். மறு ஆண்டு சொந்த விதையால் எத்தனை பாத்திகள் பசுமையாயின என்பதே வளர்ச்சியின் கணக்கு. கள அலுவலர் தம் பதிவேட்டில் முதலில் சேர்க்க வேண்டிய பத்தி இதுவே.