மோட்டார் யந்திரத்தைக் கையால் சுழற்றிச் சோதித்தல்

1948-ல் ஸ்தாபிக்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் கம்பெனியார் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியிட்டனர். 1955-ல் அக்கம்பெனி அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. அக்காலத்துக் கார்களில் முன்புறம் கைப்பிடியைச் செருகி யந்திரத்தைச் சுழற்ற வழி இருந்தது. இக்காலத்து வண்டிகளில் அக்கைப்பிடி இல்லை. எனினும், கையால் சுழற்றிப் பார்க்கும் அவசியம் நீங்கிவிடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளம் புகுந்தது. நீரில் நின்ற வண்டியை உடனே சாவி போட்டுக் கிளப்புதல் ஆகாது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டரில் நீர் நிற்கும்போது பிஸ்டன் வேகமாய் மேலேறினால், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கையால் மெல்லச் சுழற்றினால் தடை இருப்பது முன்னரே புலப்படும்.

செய்யும் முறையாவது: வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடவேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றவேண்டும். ஆயில் அளவுகோலை உருவிப் பார்க்கவேண்டும்; ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என அறியலாம். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லியின் நடுப்போல்ட்டில் நீண்ட பிடியுள்ள ஸ்பானரை மாட்டி, யந்திரம் ஓடும் திசையிலேயே திருப்பவேண்டும். பெரும்பாலான யந்திரங்களுக்கு, புல்லிப் பக்கம் நின்று பார்க்க, அது கடிகாரம் சுற்றும் திசையாகும். துளை வழியே நீர் பீறிடக்கூடுமாதலால் முகத்தை விலக்கி வைத்துக்கொள்வது நலம்.

இரண்டு முழுச் சுற்றும் தடையின்றிச் சென்றால் உள்ளே முட்டும் பொருள் இல்லை எனலாம். பிளக்குகளை மீண்டும் பூட்டித் திருப்பினால், நான்கு சிலிண்டர் யந்திரத்தில் இரண்டு சுற்றுக்குள் நான்கு முறை சமமான இறுக்கம் தோன்றவேண்டும். ஒருமுறை மட்டும் இலேசாகச் சென்றால், அந்தச் சிலிண்டரின் வால்வோ, ரிங்கோ கசிகின்றது என ஊகிக்கலாம்.

சுழற்சி சட்டென நின்றால் பலாத்காரமாய்த் திருப்புதல் கூடாது. அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைக்கவேண்டும். டீசல் வண்டிகளுக்கு ஸ்பார்க் பிளக் இல்லாமையால், அவற்றைத் தொடக்கத்திலேயே அவரிடம் ஒப்புவிப்பது உத்தமம். வேலை முடிந்ததும் ஸ்பானரை எடுத்துவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தபின்பே பாட்டரிக் கம்பியை மாட்டவேண்டும். சிறிது நேரப் பொறுமை பெருஞ்செலவைத் தவிர்க்கும்.