ஆபத்து தொங்குவதில் இல்லை, மாறுவதில்!

மல்லர் கம்பத்தில் ஒரு பையன் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தால் அம்மாக்களுக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அந்த நேரத்தில் அவன் ஓரளவு பத்திரமாகத்தான் இருக்கிறான். இரண்டு கால்களும் கம்பத்தைப் பூட்டிக்கொண்டிருக்கின்றன, உடம்பு ஆடவில்லை. பயப்பட வேண்டியது, அந்த நிலையை விட்டு அடுத்த நிலைக்குப் போகிறானே, அந்த ஒன்றிரண்டு விநாடிகளுக்குத்தான். பழைய பிடி விட்டாச்சு, புதுப் பிடி இன்னும் கிடைக்கலை!

தனித்தனி ஆசனங்களை ஒழுங்காகப் பழகிவிட்டு, அவற்றைக் கோவையாகச் செய்ய ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும்தான் இந்தப் பாடம். தமிழ்நாட்டில் விழுப்புரம் இந்தக் கலைக்குப் பேர்போன ஊர். 2022-ல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் மல்லர் கம்பம் சேர்க்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் கூடவே அவசரமும் வந்துவிடுமே!

முதலில் கம்பத்தைக் கவனியுங்கள். தரைக்கு மேல் ஏறக்குறைய எட்டு, எட்டரை அடி. அடியில் பருத்து, மேலே போகப் போக மெலியும். உச்சியில் குறுகிய கழுத்தும் ஒரு குமிழும் இருக்கும். ஆகவே கீழே தொடைக்குக் கிடைக்கிற பிடி வேறு, மேலே கிடைக்கிற பிடி வேறு. 'கீழே சுலபமா வருது, மேலே போனா வழுக்குது' என்று பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள். அவன் சொல்வது சரி. ஒவ்வொரு மாற்றத்தையும் கீழே பழகிய பிறகு, மேலே ஆசிரியர் கைத்தாங்கலோடு புதுப்பாடம் மாதிரியே மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

கம்பத்துக்குத் தடவும் விளக்கெண்ணெய், தோல் உராய்ந்து புண்ணாகாமல் இருப்பதற்காக. கூடினால் வழுக்கும், குறைந்தால் தோல் உரியும். எஃகுக் கம்பத்தில் நடனம் பழகுகிறவர்களுக்கு இது நேர் எதிர். அங்கே எண்ணெயோ, உடம்பில் பூசும் க்ரீமோ ஆகவே ஆகாது. மற்றபடி பிடி மாற்றும் விதிகள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இறங்கத் தெரிந்த பிறகு ஏறு

கால்பிடியில் தலைகீழாகத் தொங்குகிற பிள்ளை, நிமிர்ந்து உட்கார்ந்த நிலைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்வார்கள்? உடம்பை ஒரு வீச்சு வீசி, கம்பத்தை 'லபக்'கென்று பிடிப்பார்கள். அந்த வீச்சில் தொடைப்பிடி நெகிழும். கை தவறினால் நேராகத் தலைதான்.

சரியான முறை இது. வயிற்றை இறுக்கி, மூச்சை அடக்காமல் வெளியே விட்டுக்கொண்டே மெதுவாக எழும்பி, ஒரு கையால் கம்பத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் காலை விடக் கூடாது. கையில் கொஞ்சம் எடையைக் கொடுத்து, தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அடுத்த கை. தோள்கள் காதோரம் ஏறிவிடாமல் கீழே இழுத்து வைத்திருக்க வேண்டும். தளர்ந்த தோளில் முழு எடையும் விழுந்தால் தசைநார் கிழியக்கூடும். அதற்கப்புறம்தான் கால் நகரலாம். புதுப் பிடி தாங்குகிறது என்று தெரியும்வரை பழைய பிடி அப்படியே இருக்க வேண்டும். வீச்சு இல்லாமல் மெதுவாகச் செய்ய முடியவில்லையா? அந்த மாற்றத்துக்கு வேண்டிய பலம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

எந்த நிலையையும் கற்றுக்கொடுக்கும் முன் அதிலிருந்து பத்திரமாக வெளியே வரும் வழியைக் கற்றுக்கொடுக்கிறாரா ஆசிரியர்? அவர் கெட்டிக்காரர், விடாதீர்கள். கம்பத்தைச் சுற்றி மெத்தை வேண்டும். மெத்தைகளுக்கு நடுவே கால் மாட்டுகிற இடைவெளி இருக்கக் கூடாது. முன்கை தளர்ந்து நடுங்க ஆரம்பித்தால் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்பதே வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகட்டும்.

'பொண்ணுங்க அந்த மூணு நாள்ல பண்ணலாமா டாக்டர்?' தாராளமாக. உடம்பு சௌகரியமாக இருந்தால் மருத்துவரீதியாகத் தடை ஏதுமில்லை. ஆனால் ரத்த அழுத்தமோ கிளாக்கோமாவோ உள்ள பெரியவர்கள், ஆசைக்குக்கூடத் தலைகீழாகத் தொங்க வேண்டாம்.

எந்த வலி, என்ன வலி?

பழகிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை வலித்து, மூன்று நான்கு நாளில் தணிந்தால் கவலையில்லை. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, மணிக்கட்டு வீங்கினாலோ நிறுத்திவிடுங்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மெல்லிய வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. வலியோடு பழகினால் அதுதான் பாதிக்கப்படும். முதுகைப் பின்னால் வளைக்கும்போது இடுப்புக்கு மேல் வலிக்கிறது, இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றால், தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். திரும்பத் திரும்ப வளைவதால் முதுகெலும்பில் மயிரிழை முறிவு ஏற்படுவது வளரிளம் பருவத்தில் உண்டு.

தலைகீழாக விழுந்து, கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போச்சு என்று சொன்னால், பதறிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம். தலையையும் கழுத்தையும் இருந்த நிலையிலேயே அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.