பென்சில் கோடும் கணிப்பொறி வண்ணமும்

பென்சிலால் வரைந்த பறவை தாளில் இருக்கும்போது உயிரோடு இருக்கிறது. அதே பறவையைக் கணிப்பொறியில் ஏற்றி வண்ணம் தீட்டியவுடன் பல வேளைகளில் அது கடைத்தெருப் பொம்மையாகி விடுகிறது. வண்ணத்தின் மீதும் கருவியின் மீதும் பழி போடுவார் உண்டு. ஆனால், குற்றம் கோட்டை நாம் நடத்தும் முறையிலேதான் இருக்கிறது. கைப்பட வரைந்து அசைவுப்படம் எடுக்கும் ஆவல் உடைய தோழர்கள் நம் வளாகத்தில் சிலர் உளர். விடுதி அறையில் இருந்தபடியே, காசு செலவின்றி அவர்கள் செய்யத்தக்க முறை ஒன்றை இங்கே விளக்க முற்படுகிறேன்.

கணிப்பொறி வருமுன் இவ்வேலை எவ்வாறு நடந்தது? 1914-ஆம் ஆண்டில் ஏர்ல் ஹர்டு என்னும் அமெரிக்கர், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாளில் படம் வரையும் முறைக்குக் காப்புரிமை கோரினார். பென்சில் ஓவியத்தின் மேல் அத்தாளை வைத்து, முன்புறத்தில் மையால் கோட்டைப் பெயர்த்து எழுதுவர். பிறகு தாளைத் திருப்பி, பின்புறத்தில் வண்ணம் பூசுவர். பின்புறத்தில் பூசுவது ஏன்? தூரிகை சற்றே எல்லை தாண்டினாலும் அந்தப் பிசகு கோட்டின் அகலத்துக்குள் மறைந்து போகும். முன்னிருந்து பார்ப்பவருக்குக் கோடு கூர்மையாகவே தெரியும். முகப்பில் கோடு, முதுகில் வண்ணம்! இந்த ஏற்பாட்டை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். கணிப்பொறியிலும் நாம் செய்யப் போவது இதையேதான்.

1961-இல் டிஸ்னி நிறுவனத்தார் ‘நூற்றொரு டால்மேஷியன்கள்’ என்ற முழுநீளப் படத்தில் மையால் பெயர்த்தெழுதும் வேலையை விடுத்து, பென்சில் கோட்டையே ஜெராக்ஸ் முறையில் செல்லுலாய்டில் ஏற்றினர். ஓவியரின் கை நடுக்கமும் வேகமும் அப்படியே திரைக்கு வந்தன. முதுகில் வண்ணம் பூசுவது மட்டும் தூரிகைக்காரர் வேலையாகவே நீடித்தது. 1990-இல் அந்நிறுவனத்தின் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டௌன் அண்டர்’ முழுமையும் கணிப்பொறியில் வண்ணம் பெற்றது. ஜப்பானில் கிப்லி நிறுவனம் 1997-இல் ‘இளவரசி மோனோனோகே’யின் ஒரு பகுதியிலும், 1999-இல் ‘யமாடா குடும்ப’த்தில் முழுமையாகவும் இம்முறையைக் கைக்கொண்டது.

இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு வெண்மார்பு மீன்கொத்தி மின்கம்பியிலிருந்து நீரில் பாய்கிறது என்று கொள்வோம். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு படங்களுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம் ஆதலின், நொடிக்கு 12 ஓவியம் போதும். இரண்டு நொடிப் பாய்ச்சலுக்கு 24 தாள்கள். தாள்களில் சாதாரண அலுவலகத் துளைப்பானால் இரண்டு துளைகள் இடுங்கள். ஓர் அளவுகோலில் அத்துளைகளுக்கு ஏற்ற இரண்டு முளைகளை ஒட்டி, அதனை ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்தில் பொருத்தி விட்டால் எல்லாத் தாளும் ஒரே இடத்தில் அமரும்.

ஸ்கேன் செய்யும்போது தனிக் கறுப்பு–வெள்ளை முறையைத் தொடாதீர்கள். பென்சில் கோடு என்பது தாளின் சொரசொரப்பில் ஒட்டிய கரித்துகள். நடுவில் அழுத்தமாகவும் ஓரத்தில் தேய்ந்தும் இருப்பதே அதன் அழகு. கறுப்பு–வெள்ளை முறை அதைப் படிக்கட்டுப் போல வெட்டி விடும். சாம்பல் முறை 256 படிநிலைகளைத் தரும். அங்குலத்துக்கு 200 புள்ளி போதும். ஏ4 தாளைப் படுக்கவைத்தால் ஏறத்தாழ 2340 புள்ளி அகலம் கிடைக்கும். ஒளியளவைத் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்தி, 24 தாளுக்கும் ஒரே அளவு வையுங்கள். இல்லையேல், ஓடும்போது கோடு மினுக்கும்.

இங்கேதான் பலர் இடறுவது. ஸ்கேன் செய்த படத்தின் மீதே வாளிக் கருவியைச் சொடுக்குவார்கள். அக்கருவி சொடுக்கிய புள்ளியை ஒத்த நிறமுள்ள அண்டைப் புள்ளிகளை மட்டுமே நிரப்பும். கோட்டின் ஓரத்துச் சாம்பல் புள்ளிகள் வெள்ளையை ஒத்தவை அல்ல. ஆதலால் அவை விடுபட்டு, வண்ணத்துக்கும் கோட்டுக்கும் நடுவே வெளிறிய கரை ஒன்று தோன்றும். ஒத்துப்போகும் வரம்பைக் கூட்டினால், வண்ணம் கோட்டைத் தின்று அப்பால் வழியும். வரம்பைக் கூட்டியும் குறைத்தும் இரவு முழுதும் போராடுவது வீண் வேலை.

கோட்டைத் தனி லேயரில் மேலே வையுங்கள். அதன் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என்று மாற்றுங்கள். பெயருக்கு ஏற்ப அது பெருக்கல் கணக்கு. வெள்ளைக்கு மதிப்பு ஒன்று. ஆகவே வெற்றுத் தாள் கண்ணாடியாகி விடுகிறது. கறுப்புக்கு மதிப்பு சுழி. ஆகவே கறுப்பாகவே நிற்கிறது. அரைச் சாம்பல் தன் கீழுள்ள வண்ணத்தின் ஒளியைப் பாதியாக்குகிறது. கீழே வேறொரு லேயரில் வண்ணம் நிரப்புங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா மென்பொருளில், கோட்டு லேயரைப் பார்த்து எல்லையறிந்து தன் லேயரில் நிரப்பும்படியும், நிரப்பிய பகுதியை இரண்டு மூன்று புள்ளி விரிக்கும்படியும் வாளிக்கு ஆணையிடலாம். வண்ணம் கோட்டின் அடியில் புகுந்து கொள்ளும். வெளிறிய கரை மறையும். பழைய செல்லுலாய்டின் முதுகு இதுவே அன்றோ!

பென்சில் கோட்டில் இடைவெளி இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அவ்வழியே வண்ணம் ஒழுகுகிறதே என்று பென்சிலால் அடைத்து விடாதீர்கள். வண்ண லேயரில், நிரப்பப் போகும் அதே வண்ணத்தால் மெல்லிய இழை ஒன்று இழுத்து வாயிலைச் சாத்துங்கள். கோடு திறந்தபடியே இருக்கும்.

மீன்கொத்தியின் முதுகு நீலம், தலை பழுப்பு, அலகு சிவப்பு. மார்பு? வெள்ளைதானே என்று விட்டுவிட்டால், பின்னணியில் உள்ள குளத்து நீர் மார்பின் ஊடே தெரியும். வெள்ளையும் ஒரு வண்ணமே. அதையும் பூச வேண்டும். விடுபட்ட மூலைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடியில் தற்காலிகமாகக் கண்ணைப் பறிக்கும் பச்சை ஒன்றை விரித்து ஓட்டிப் பார்ப்பது. நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தோன்றும் ஓட்டையும் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும்.

ஓப்பன்டூன்ஸ் என்ற மென்பொருள் வேறு வழியில் செல்கிறது. இத்தாலியில் பிறந்து, கிப்லி நிறுவனம் பயன்படுத்திய டூன்ஸ், 2016-இல் யாவர்க்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்ட வடிவம் அது. அதன் படவகை ஒன்றில், ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தை எழுதி வைப்பதில்லை. எந்த மை, எந்த வண்ணம், இரண்டும் எந்த விகிதம் என்ற மூன்று செய்திகளையே வைக்கிறது. மைக்கு 12 பிட், வண்ணத்துக்கு 12 பிட், விகிதத்துக்கு 8 பிட். ஆகவே நீலம் பிடிக்கவில்லை என்றால் வண்ணப் பட்டியலில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். 24 ஓவியத்திலும் மாறிவிடும். கறுப்புக் கோட்டைக் காப்பிக்கொட்டை நிறமாக்குவதும் அப்படியே. நிழலின் எல்லையைச் சிவப்புப் பென்சிலால் வரைந்தால், அதைத் தனி மையாகப் பிரித்து அறியவும் அதற்குத் தெரியும்.

கோட்டைத் தானாக வழுவழுப்பாக்கித் தரும் வசதிகளும் உண்டு. எனக்கு அவற்றில் விருப்பம் இல்லை. 2013-இல் இசாவோ தகஹாதா இயக்கிய ‘இளவரசி காகுயாவின் கதை’யைப் பாருங்கள். கோடு கரடுமுரடாக ஓடுகிறது. வண்ணம் சில இடங்களில் கோட்டை எட்டாமலே நின்றுவிடுகிறது. ஓரங்களில் வெறும் தாள்! அந்தப் பெண் காட்டு வழியே ஓடும் காட்சியில் கோடுகளே மூச்சு வாங்குகின்றன.

ஒரு நிமிடப் படத்துக்கு 720 ஓவியம் வேண்டும். வண்ணத்துக்கு ஓவியம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் அறுபது மணி நேரம். நால்வர் கூடினால் ஆளுக்குப் பதினைந்து. வண்ணப் பட்டியலை ஒருவரே ஆக்கி மற்ற மூவருக்கும் வழங்க வேண்டும். நால்வரின் நீலமும் நான்கு நீலமாகிவிடக் கூடாது. ஸ்கேனருக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் இட்டு விடுங்கள்; மின்விசிறிக் காற்றில் பறந்த 24 மீன்கொத்திகளை வரிசைப்படுத்துவது எளிதன்று.