பம்பின்மேல் பழி போடுமுன்

ஓடிக்கொண்டிருக்கையிலேயே இழுவை குறைந்து நின்றுவிடுவதும், சற்று நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடவாததுபோல மறுபடி கிளம்பிவிடுவதுமான ஒரு பெட்ரோல் காரைக் கண்டமாத்திரத்தில், விசாரணை ஏதுமின்றிப் பெட்ரோல் பம்பின்மேல் பழியைப் போட்டுவிடும் வழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் வேரூன்றிவிட்டது. அந்த வழக்கத்துக்குப் பணத்தையும் மனநிம்மதியையும் ஒருங்கே பறிகொடுத்தவன் என்ற பாத்தியதையில் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், எட்டயபுரத்தைத் தாண்டியபின், பட்டப்பகல் வெயிலில் குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்க நேர்ந்ததைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஊர் திரும்பி ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டபோது, "ஸ்கேனர்ல கோடு எதுவும் வரல சார். பம்பு கப்ளர்ல பன்னெண்டு வோல்ட் கரெக்டா வருது. பம்புதான் சார் போயிருக்கு" என்று தீர்ப்பு வழங்கினார்கள். புதுப் பம்பு மாட்டப்பட்டது. வண்டி மறுபடியும் நின்றது. புதியதிலும் பழுது இருக்கக்கூடும் என்று சொல்லி இன்னொன்றை வாங்கவைத்தார்கள்; அதற்குப் பிறகும் நின்றது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்து ஓய்வு பெற்ற நான், எர்த்தையும் ஒருமுறை பார்க்கலாமே என்று ஆரம்பத்திலேயே சொன்னதை அங்கே ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சகல நஷ்டத்துக்கும் மூலகாரணம் அந்தப் 'பன்னெண்டு வோல்ட்'தான். கப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரின் ஊசிகளை வைத்தே அதை அளந்தார்கள். மல்டிமீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லத்தக்க அளவு சொற்பம். ஆகையால் வழியில் ஒயர் அறுந்து ஒற்றை இழை மாத்திரம் மிஞ்சியிருந்தாலும், போல்ட்டில் களிம்பேறியிருந்தாலும், அது முழு வோல்ட்டேஜையே காட்டும். பாரம் ஏற்றாத வண்டியில் மாட்டைப் பூட்டி அதன் வலுவை நிச்சயிப்பது போன்ற பரீட்சை அது. பம்பு ஓடத் தொடங்கினால் சில ஆம்பியர் பாய்ந்தாக வேண்டும். 6 ஆம்பியர் பாயும் பாதையில் அரை ஓம் தடை குறுக்கிட்டால் 3 வோல்ட் அங்கேயே விரயமாகிவிடும் என்பது ஓம் விதி. தடை இருக்கும் இடம் சூடேறும்; சூடேற ஏறத் தடை வளரும்; பம்பின் வேகம் தளர்ந்து பெட்ரோலின் அழுத்தம் விழும்; எஞ்சின் நின்றுபோகும்; ஆறியதும் எல்லாம் பழைய ஸ்திதிக்குத் திரும்பும். ஸ்கேனர் மௌனம் சாதித்ததிலும் ஆச்சரியமில்லை. பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ரிலேயின் காயிலை மாத்திரமே கண்காணிக்கிறதேயன்றிப் பம்புவரை போய்ச்சேரும் மின்சாரத்தைக் கண்காணிப்பதில்லை.

பியூஸைப் பார்ப்பதும், வேறொரு ரிலேயை மாற்றிப்போட்டுப் பார்ப்பதும், சாவி போட்டதும் பின்பக்கம் இரண்டொரு விநாடி பம்பின் முனகல் கேட்கிறதா என்று செவிகொடுப்பதும் யாவரும் அறிந்தவை. அதற்கப்பால் செய்ய வேண்டியது, பம்பை விடாமல் ஓடவைத்து அளப்பதே. எஞ்சின் ஓடாதபோது கம்ப்யூட்டர் பம்பைச் சில விநாடிகளில் நிறுத்திவிடும் என்பதால், ரிலேயைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் 30, 87 என்று குறித்த முனைகளைப் பியூஸ் வைத்த ஒயரால் இணையுங்கள். இணைப்பதும் பிரிப்பதும் ரிலே பெட்டியிலேயே நடக்கட்டும். டாங்கியின் அருகே ஒரு தீப்பொறிகூட எழலாகாது, பெட்ரோல் வாடை அடித்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் பம்பின் கப்ளர் தெரியும். அதைக் கழற்றாமல், ஒயர் நுழையும் பின்வழியாக மல்டிமீட்டரின் சிவப்பு ஊசியை எர்த் முனையில் தொடும்படி செலுத்தி, கறுப்பு ஊசியை நீளமான ஒயர் வழியே பாட்டரியின் நெகட்டிவ் முனையில் சேருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் சுத்தம். எனக்கு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பாசிட்டிவ் பக்கத்தையும் இவ்வாறே பாட்டரியின் பாசிட்டிவோடு ஒப்பிட்டு அளக்கலாம். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து சென்றேன். மிதியடிக்குக் கீழே, கதவோரத் தகட்டில், ஒரு சிறு போல்ட்டில் போய் அது முடிந்தது. மேலே பெயிண்ட் பளபளத்தது. போல்ட்டைத் திருகியதும் துருப்பொடி உதிர்ந்தது; ஒயரின் வளையத்தில் பச்சைக் களிம்பு பொருக்காகப் படிந்து, செம்பு எங்கேயிருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கடலோர ஊர்க்காரரானால் உங்கள் வீட்டுக்கும் உப்பங்காற்று வரும். மழைநீர் உங்கள் காரின் மிதியடிக்குள்ளும் இறங்கும். ஆகவே அந்த இடத்தைத்தான் முதலில் பாருங்கள். பாட்டரியைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, புது வளையம் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது முள் ஏறக்குறையப் பூஜ்யத்திலேயே நின்றது. செத்துவிட்டதென்று அவர்கள் கழற்றிப்போட்ட முதல் பம்பைத் திரும்ப மாட்டச் சொல்லி, அதே ரோட்டில் மதுரைவரை நிற்காமல் போய்வந்தேன்.

புதுப் பம்புகளுக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். ஒருமுறை மாட்டிக் கழற்றிய மின்சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். உங்களிடம் பம்பு போய்விட்டதென்று யாரேனும் சொன்னால், "கப்ளரை மாட்டியபடி, பம்பு ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது?" என்று கேளுங்கள். எண் ஒன்று பதிலாக வரும்வரை பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.