உழைப்பாளர் இல்லத்துக் குழந்தைகளும் கூட்டுறவுக் காப்பகமும்

நூல் விலை, கூலி விகிதம், விதை, உரம், கடன் தவணை ஆகியவை பற்றி நம் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் ஆண்டுதோறும் விரிவாக விவாதிக்கிறோம். தறியில் அமர்ந்த தாய் ஒரு நாளில் எத்தனை முறை எழுந்திருக்க நேர்கிறது, எதன் பொருட்டு எழுகிறாள் என்பது மட்டும் எந்த ஆண்டறிக்கையிலும் இடம் பெறுவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது வீட்டுக் காரியம், சங்கக் காரியம் அன்று என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பிரச்சினையின் இயல்பு

2019–20ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கைத்தறித் தொழிலாளர் ஏறத்தாழ 35 லட்சம் பேர். அவர்களுள் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். அதாவது பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் பெண்களே. கழனியிலும் நாற்று நடுவோர், களை எடுப்போர், பருத்தி பறிப்போர், கடலை ஆய்வோர் பெரும்பாலும் பெண்கள்தாம். ஆகவே குழந்தைப் பராமரிப்பு என்பது இவ்விரு தொழில்களின் உற்பத்தியோடு நேரடியாகப் பிணைந்த விஷயமாகும்.

'நெசவு வீட்டில்தானே நடக்கிறது, தாய் குழந்தையின் அருகில்தானே இருக்கிறாள்?' என்று கேட்போர் உண்டு. அருகில் இருப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. தார் சுற்றுகையிலும் பாவு புணைக்கையிலும் கண்ணும் கையும் நூலின் மேல் இருந்தாக வேண்டும். தவழும் குழந்தைக்கோ குழித்தறியின் பள்ளம் ஆபத்து. சாயப் பாத்திரமும் காரச் சோடாவும் பேராபத்து. குழந்தை அழுதால் தறி நிற்கிறது. நெசவுக் கூலி நாட்கூலி அன்று. நெய்த அளவுக்கே கூலி. எனவே தறி நின்ற ஒவ்வொரு நாழிகையும் கூலியில் குறைகிறது.

வயல் வேலைக்குச் செல்லும் தாய் வரப்பு மரத்தில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்துகிறாள். இல்லையேல் வீட்டில் மூத்த பிள்ளையிடம் விட்டுச் செல்கிறாள். அந்த மூத்த பிள்ளை பெரும்பாலும் பெண்பிள்ளை. தம்பியை இடுப்பில் சுமக்கும் எட்டு வயதுச் சிறுமி பள்ளிக்கு எவ்வாறு செல்வாள்? நடவுக் காலத்தில் பத்து நாள், அறுவடைக் காலத்தில் பத்து நாள் என்று விட்டுப்போகும் பாடம் பிறகு கூடி வருவதில்லை. ஆகவே காப்பகம் இல்லாத குறையால் மூவர் நஷ்டமடைகின்றனர்: தாய் கூலியை இழக்கிறாள், குழந்தை பராமரிப்பை இழக்கிறது, மூத்த மகள் கல்வியை இழக்கிறாள்.

சட்டங்கள் வகுத்த வழி

இத்தேவையை அரசாங்கம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் காப்பக அறை இருக்க வேண்டும் என்று விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களுக்கு இக்கடமையை விதித்தது. கடல் கடந்து தோட்ட வேலைக்குச் சென்ற நம் மக்கள் இத்தகைய இடத்தை இலங்கை மலையகத்தில் 'பிள்ளைக் காம்பரா' என்றும், மலேயாவில் 'ஆயாக் கொட்டகை' என்றும் வழங்கினர். 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம், 50 ஊழியர் உள்ள நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை சென்று குழந்தையைக் காணலாம் என்றும் கூறியது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம் பெற்றது.

இச்சட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. ஒரு முதலாளியின் கீழ் ஓரிடத்தில் வேலை செய்யும் தலைகளை எண்ணியே அவை கடமையை நிர்ணயிக்கின்றன. தன் வீட்டில் தன் தறியில் நெய்யும் பெண்ணையும், இன்று ஒரு காட்டிலும் நாளை மற்றொரு காட்டிலும் களை எடுக்கும் பெண்ணையும் அந்த எண்ணிக்கை எட்டுவதில்லை. நம் உறுப்பினர்கள் ஒரு கூரையின் கீழ் 50 பேராக இல்லை. ஆயினும் ஒரே சங்கப் பதிவேட்டில் 400 பேராக இருக்கிறார்கள். சட்டம் கூரையை எண்ணுகிறது. நாம் பதிவேட்டை எண்ண வேண்டும். கூட்டுறவு இதில் தலையிட வேண்டிய காரணம் இதுவே.

அங்கன்வாடியும் அதன் எல்லையும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் கிராமக் குழந்தைகள் மையங்களிலும் மதிய உணவைக் கொண்டுவந்தது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும் உழைக்கும் தாயின் தேவைக்கும் அங்கன்வாடியின் அமைப்புக்கும் இரு இடைவெளிகள் உள்ளன.

முதலாவது, வயது. மையத்துக்கு வந்து அமர்ந்து உண்டு விளையாடுவோர் ஓரளவு வளர்ந்த குழந்தைகளே. கைக்குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்குக் கிடைக்கிறது; ஆனால் பகல் முழுதும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. இரண்டாவது, நேரம். பல மாநிலங்களில் அங்கன்வாடி நாளில் சுமார் நான்கு மணி நேரமே நடைபெறுகிறது. உழைப்பாளியின் பகலோ அதனினும் நெடியது. இவ்விடைவெளிகளை நிரப்பவே ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தேசியக் காப்பகத் திட்டமும், 2022 முதல் அங்கன்வாடியோடு இணைந்த 'பால்னா' காப்பகங்களும் வகுக்கப்பட்டன. இவற்றை நம் ஊருக்குக் கோரிப் பெறுவதும் சங்கத்தின் பணியே ஆகும்.

அகமதாபாத் காட்டும் வழி

குஜராத் மாநிலத்து அகமதாபாத் நகரில் 1972இல் எலா பட் அம்மையார் தோற்றுவித்த 'சேவா' என்னும் சுயதொழில் மகளிர் சங்கம், காய்கறிக் கூடைக்காரிகள், வீட்டில் பீடி சுற்றுவோர், துணி தைப்போர் போன்ற உழைப்பாளிகளை ஒன்று திரட்டியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி இப்பெண்கள் வருவாய் இழப்பதைக் கண்ட அச்சங்கத்தின் முயற்சியால், 1986இல் 'சங்கினி' என்னும் குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று.

குழந்தைகளைப் பராமரிக்கும் பெண்கள் அங்கே கூலியாட்கள் மட்டும் அல்லர். அச்சங்கத்தின் உறுப்பினர்களும் ஆவர். மையங்கள் அரை நாளுக்கன்றித் தாயின் வேலைப் பகல் முழுதும் திறந்திருக்கின்றன. தாய்மார் கட்டணம் செலுத்துகின்றனர். ஆனால் மொத்தச் செலவில் அது ஒரு பகுதியே. எஞ்சியது வேறு வழிகளில் திரட்டப்படுகிறது. ஏன் அவ்வாறு திரட்ட நேர்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம்.

செலவுக் கணக்கு

காப்பகம் ஒன்றில் 20 குழந்தைகள் எனக் கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்தின் பொருட்டு நாம் இட்டவை. அவரவர் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்க.

பணியாளர் இருவர், மாதம் 9,000 ரூபாய் வீதம் – 18,000
உதவியாளர் ஒருவர் – 6,000
உணவு, ஒரு குழந்தைக்கு நாளுக்கு 20 ரூபாய், 26 நாள் – 10,400
வாடகை, விறகு, சோப்பு, மருந்து முதலியன – 3,600
ஆக மொத்தம் – 38,000 ரூபாய்

இதனை 20ஆல் வகுத்தால் குழந்தைக்கு 1,900 ரூபாய். நாளுக்கு 300 ரூபாய் ஈட்டும் தாயின் 26 நாள் வருமானம் 7,800 ரூபாய். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஒரு குழந்தைக்கே போய்விடும். இரு குழந்தைகள் உள்ளவளுக்குப் பாதி போய்விடும். இதனால்தான் நல்ல காப்பகம் தாயின் கட்டணத்தால் மட்டும் நடவாது. தேசியக் காப்பகத் திட்டத்திலும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், அதற்கு மேல் வருமானத்துக்கேற்ப 100, 200 ரூபாய் என்றே கட்டணம் வகுத்தனர்.

செலவைக் குறைக்க இரு குறுக்கு வழிகள் தோன்றும்: ஒருவரிடமே 20 குழந்தைகளையும் ஒப்படைப்பது, அல்லது பணியாளர் சம்பளத்தைக் குறைப்பது. முதல் வழியில் குழந்தை நஷ்டமடைகிறது. இரண்டாம் வழியில் ஓர் ஏழைப் பெண்ணின் சிரமத்தை மற்றோர் ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றுகிறோம். இரண்டும் கூட்டுறவு நெறிக்கு ஒவ்வா.

நேர் வழி, சுமையைப் பகிர்வதே. தாய்மார் குழந்தைக்கு 500 ரூபாய் தந்தால் 10,000 ரூபாய் சேரும். அங்கன்வாடியுடன் இணைந்து உணவு பெற முடியுமாயின் 10,400 குறையும். சங்கம் தன் கட்டடத்தில் இடம் தந்து சில்லறைச் செலவையும் ஏற்குமாயின் 3,600 குறையும். மீதி 14,000 ரூபாய். அரசு உதவி கிட்டினால் இதனை அதிலிருந்து ஈடு செய்யலாம். கிட்டும் வரையில் 400 உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மாதம் 35 ரூபாய்.

'குழந்தை இல்லாதவன் ஏன் தர வேண்டும்?' என்னும் வினா எழும். வரவுப் பக்கத்தையும் நோக்குக. தாய்மார் 16 பேர், தடையின்றி வேலை செய்வதால் நாளுக்கு 100 ரூபாய் கூடுதலாக ஈட்டினால், 26 நாளில் 41,600 ரூபாய் ஆகிறது. காப்பகத்தின் முழுச் செலவையும் அது மிஞ்சிவிடுகிறது. சேலையும் வேட்டியும் தவணை தவறாமல் சங்கத்துக்கு வந்து சேர்கின்றன. நடவும் களையெடுப்பும் ஆளின்றித் தாமதமாவதில்லை. அப்பயன் உறுப்பினர் எல்லோரையும் சேர்ந்தது.

தரம் என்பது யாது?

வண்ணச் சுவரும் விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள்களும் தரம் ஆகா. மனிதரின் மூளை மிக விரைவாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில். அக்காலத்தில் குழந்தைக்கு வேண்டுவன சிலவே: பழகிய முகம், தூய குடிநீர், வேளைக்கு உணவு, தூங்கத் தூளி, தவழ்வதற்கு ஆபத்தில்லாத தரை, பேசிப் பாடிக் கதை சொல்லும் ஒருவர். பணியாளர் மாதந்தோறும் மாறிக்கொண்டிருந்தால் இவற்றுள் முதலாவது கெடும்; நியாயமான சம்பளம் தராத இடத்தில் ஆள் நிலைப்பதில்லை. தாய் நடந்து வந்து பாலூட்டிச் செல்லும் தூரத்தில் காப்பகம் அமைதல் மற்றொரு முக்கிய விதி. மாதம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்தலும், தடுப்பூசிக் கணக்கைச் சரிபார்த்தலும் கிராமச் செவிலியரின் துணையால் எளிதில் நிறைவேறும்.

தொடங்கும் முறை

முதலில், உறுப்பினர் இல்லங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வயது வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டாவதாக, எந்த மணி முதல் எந்த மணி வரை தேவை என்பதைத் தாய்மாரிடமே கேட்க வேண்டும். ஆண்கள் மட்டும் அமர்ந்து முடிவு செய்யும் நேரம் பெரும்பாலும் பொருந்தாது. மூன்றாவதாக, தாய்மார் பெரும்பான்மையாக உள்ள காப்பகக் குழு ஒன்றை அமைத்துக் கணக்கையும் சாவியையும் அதனிடம் ஒப்படைக்க வேண்டும். நான்காவதாக, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரை அணுகி அங்கன்வாடியோடு இணைப்புக் கோர வேண்டும். ஐந்தாவதாக, சங்கத் துணைவிதிகள் இடம் தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து தொகை ஒதுக்கப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். 20 குழந்தைகள் சேரும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நடவுப் பருவத்துக்கு மட்டும் பத்துக் குழந்தைகளோடு தொடங்கி அனுபவம் பெறலாம்.

1995இல் மான்செஸ்டர் நகரில் சர்வதேசக் கூட்டுறவு இணையம் ஏற்ற ஏழு கொள்கைகளுள் ஏழாவது, சமுதாயத்தின்பால் அக்கறை. நம் ஊரில் அக்கொள்கை நடைமுறைக்கு வந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நடவு நடைபெறும் ஒரு காலைப் பொழுதில் பள்ளி வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். மூத்த பெண்பிள்ளைகள் அனைவரும் வகுப்பில் இருப்பின், நம் காப்பகம் தன் வேலையைச் செய்கிறது என்று துணியலாம்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்க உறுப்பினர் இல்லங்களில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை? பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்வோர் யார்?
2. நம் ஊர் அங்கன்வாடியின் நேரம், உழைக்கும் தாய்மாரின் நேரத்தோடு எவ்வளவு பொருந்துகிறது?
3. மேலே காட்டிய கணக்கை நம் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றி எழுதினால், உறுப்பினர் ஒருவருக்கு மாதப் பங்கு எவ்வளவு ஆகும்?