நிறுவனர் பேச்சைவிட பி.எஃப். பாஸ்புக் உண்மை சொல்லும்

திங்கட்கிழமை ஒரு திட்டம், புதன்கிழமை இன்னொன்று, வெள்ளிக்கிழமை "இதை யார் செய்யச் சொன்னது?" என்ற கேள்வி. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப் குழுவில் எல்லார் முன்னாலும் திட்டு. பல ஸ்டார்ட்அப்களில் இது வழக்கமான வாரம்.

வேலைப்பளு வேறு, கேடு வேறு. புதிய செயலி வெளியாகும் முன் தூக்கம் கெட்டு உழைப்பது எங்கும் உண்டு. கேட்டை அறிய, கெட்ட செய்தி சொல்கிறவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். "இந்தத் தேதிக்குள் முடியாது" என்றவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை என்றால், இனி அங்கே யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

அடுத்தது பணம். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், உங்களிடம் பிடித்த பி.எஃப். தொகையோடு தன் பங்கையும் சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் அலுவலகமே பேசும். பி.எஃப். நின்றுபோனால் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கிறவருக்கு மட்டுமே தெரியும். கையில் காசு வறண்ட நிர்வாகத்துக்கு இது வசதி. ஆகவே மாதாமாதம் பாருங்கள். பிடித்த வருமான வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்பதையும் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். விடுபட்டிருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். மழுப்பல் பதில் வந்தால் பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். அதே வாரம் வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

"கொஞ்சம் பொறு, பங்கு இருக்கிறதே" என்பார்கள். ஊழியர் பங்குத் திட்டக் கடிதத்தை, அதாவது ஈசாப் கடிதத்தை, எடுத்துப் படியுங்கள். பங்குரிமை பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும். முதல் ஆண்டு முடியும்முன் விலகினால் ஒன்றும் இல்லை. விலகியபின் அந்தப் பங்கை வாங்க எத்தனை நாள் அவகாசம் என்பதே அதில் முக்கியமான விஷயம். வாங்கும்போது, பங்கின் மதிப்புக்கும் நீங்கள் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்கிடப்பட்டு, அதற்கு வருமான வரி விதிக்கப்படும். சில ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு அந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. மற்றவர்கள், விற்க வழியில்லாத பங்குக்குக் கைக்காசிலிருந்து கட்ட நேரிடும்.

பாலியல் தொந்தரவு என்றால் பொறுக்கவே வேண்டாம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். உதாரணமாக, ஊபர் நிறுவனத்தில் தன் மேலாளரின் செய்திகளைப் படமெடுத்து ஹெச்ஆரிடம் கொடுத்தார் பொறியாளர் சூசன் ஃபவ்லர். அந்த மேலாளர் நன்றாக வேலை செய்பவர், இது அவரது முதல் தவறு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் ஃபவ்லர் அதைப் பொதுவெளியில் எழுதினார். ஜூனில் ஊபரின் தலைமை நிர்வாக அதிகாரி டிராவிஸ் கலானிக் பதவி விலகினார்.

விலகும் முன் ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப்கள், படிவம் 16, ஈசாப் கடிதம் எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலில் சேருங்கள். நிறுவனத்தின் மென்பொருள் நிரலையோ வாடிக்கையாளர் பட்டியலையோ தொடாதீர்கள். "போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது" என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். வேலையை விட்டபின் அத்தகைய தடை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. நோட்டீஸ் காலமும் ரகசியக் காப்பும் செல்லும், அவற்றை மதியுங்கள். கடைசி பி.எஃப். தொகை ஏறி இரண்டு மாதம் ஆனபின்னும் வெளியேறிய தேதி பதிவாகவில்லையா? உங்கள் பி.எஃப். எண்ணான யுஏஎன் கணக்கில் நீங்களே பதியலாம்.