பைலட் ஆகட்டும்... சாப்பிட்ட தட்டை முதல்ல எடுக்கட்டும்!

"பையன் பைலட் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான்க்கா. ஆனா நாங்க படற பாடு எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியல. எடுத்தெறிஞ்சு பேசறான்." இந்த ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றே பாரு, அங்கதான் முதல் தப்பு. கனவு வேற, குணம் வேற. ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டேன்னா, ஒவ்வொரு சண்டையிலயும் "ஃபீஸ் கட்ட மாட்டேன் போ"ன்னு ஆரம்பிப்பே. அவனும் "உன் காசே வேணாம்"னு கதவைச் சாத்திப்பான். ராத்திரி பத்து மணிக்கு நீயே தோசைத் தட்டோட போய் அந்தக் கதவைத் தட்டுவே. மிரட்டலும் போச்சு, மரியாதையும் போச்சு. அதனால கனவுக்குச் செய்ய வேண்டியதைத் தனியா செய், குணத்துக்குச் செய்ய வேண்டியதைத் தனியா செய். பொண்ணு பைலட் ஆகணும்னு சொன்னாலும் இதேதான்.

1. கண் டாக்டர் முதல்ல, கோச்சிங் சென்டர் அப்புறம்

கண்ணாடி போட்டா பைலட் ஆக முடியாதுன்னு பக்கத்து வீட்டு மாமா சொல்வார். காதுல வாங்காதே. கண்ணாடியோட பார்வை சரியா வந்தா சிவில் விமானம் ஓட்டத் தடையில்ல. நிறம் பிரிச்சுப் பார்க்கத் தெரியுதாங்கறதுதான் பெரிய கேள்வி. வண்ணப் புள்ளிக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கற இஷிஹாரா புத்தகத்தை வெச்சு கண் ஆஸ்பத்திரியில சட்டுனு பார்த்துச் சொல்லிடுவாங்க. இந்தக் குறை ஆம்பளைப் பசங்களுக்குத்தான் அதிகம். இருக்கறதே பல பேருக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேக்கற கிளாஸ் 2 மெடிக்கல், அதுக்கு மேல கிளாஸ் 1 மெடிக்கல்னு ரெண்டு படி இருக்கு. கிளாஸ் 1 கைக்கு வராம எங்கயும் பெரிய தொகை கட்டாதே. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி, ஸ்வீட்டும் கொடுத்துட்டு, அப்புறம் மெடிக்கல்ல தட்டிச்சுன்னா அந்தக் கோபம் முழுக்க உன் தலையிலதான் இறங்கும்.

2. பிளஸ் ஒன் குரூப்ல கோட்டை விடாதே

பிளஸ் டூவுல இயற்பியலும் கணிதமும் வேணும். கூட உயிரியலா கம்ப்யூட்டரா, எதுவானாலும் சரி. காமர்ஸ் எடுத்துத் தொலைச்சிருந்தா என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளியில அந்த ரெண்டு பாடத்தை மட்டும் எழுதலாம். விதியைத் தளர்த்தப் போறாங்கன்னு ஒரு பேச்சு ஓடிச்சு. பேச்சை நம்பி யாராவது குரூப் எடுப்பாங்களா?

3. கணக்கை அவன் கையால போடச் சொல்லு

"புள்ளைக்கு எதுக்கு நம்ம கஷ்டம் தெரியணும்"னு ஒளிச்சு ஒளிச்சு வளர்த்துட்டு, இப்ப "கஷ்டம் தெரியல"ன்னா எப்படிம்மா தெரியும்? ஒரு ஞாயித்துக்கிழமை டிபன் முடிஞ்சதும் பேப்பர், பேனா, கால்குலேட்டரை அவன் முன்னால வை. நீ வாயைத் திறக்காதே. அழவும் கூடாது. அழுதா கணக்கு அதோட நின்னுடும், உன்னைச் சமாதானப்படுத்தறதுதான் நடக்கும்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். ஃபீஸ் இடத்துக்கு இடம் மாறும், 50 லட்சம்னு வெச்சுக்கச் சொல்லு. வகுத்தா மணிக்கு 25,000 ரூபாய். அதே 50 லட்சத்தை 10 சதவிகித வட்டியில 10 வருஷக் கடனா வாங்கினா மாசத் தவணை சுமார் 66,000. அதே பேப்பர்ல வீட்டுச் சம்பளம், வாடகை, மளிகை, தங்கச்சி ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்தையும் அவனே எழுதட்டும். லைசென்ஸ் வாங்கினதோட முடியல. ஏர்பஸ் 320 மாதிரி பெரிய விமானம் ஓட்ட டைப் ரேட்டிங்னு தனிப் பயிற்சி இருக்கு, அதுக்கும் லட்சக்கணக்குல வேணும். அதையும் கீழ எழுதச் சொல்லு. எழுதி முடிச்சதும், "எப்படிச் சமாளிக்கலாம், நீயே சொல்லு"ன்னு ஒரே ஒரு கேள்வி. பதில் வர்ற வரைக்கும் பொறு. கோபமா எழுந்து போனாலும் பேப்பரைக் கிழிக்காம ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வை. தண்ணி எடுக்க வர்றப்பல்லாம் கண்ணுல படும்.

பேங்குக்கும் கூட்டிட்டுப் போ. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பொதுவா சொத்து ஜாமீன் கேப்பாங்க. மேனேஜர் வீட்டுப் பத்திரத்தைப் புரட்டும்போது உன் பையன் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்கணும். பழைய பத்திரம்னா கடைசிப் பக்கத்துல பாட்டியோட கைநாட்டு இருக்கும். நீ எதையும் சுட்டிக் காட்ட வேண்டாம். நகல் எடுத்துட்டு வர்ற வேலையை மட்டும் அவன்கிட்ட கொடு. ஒவ்வொரு பக்கமா மெஷின்ல வைக்கறப்ப அவனே பார்ப்பான்.

4. சிமுலேட்டருக்கு பாஸ் பட்டன் உண்டு

கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடறப்ப சாப்பிடக் கூப்பிட்டா "இரும்மா, லேண்டிங்ல இருக்கேன்"னு ஹெட்செட்டைக் கழட்டாம சொல்வான். நீயும் ஏதோ நிஜமாவே பயணிகளோட இறங்கறான்னு நினைச்சு மூணு தடவை சாம்பாரைச் சுட வைப்பே. அந்த விளையாட்டை நடுவானத்துலயே நிறுத்தி வைக்கலாம், தெரியுமா? ஒரு தடவை கூப்பிடு. வரலைன்னா சாப்பாட்டை மூடி வை. ஆறின சாம்பாரை அவனே சுட வெச்சு, அந்தப் பாத்திரத்தையும் அவனே விளக்கட்டும்.

ஆசை நிஜமான்னு தெரிஞ்சுக்க ஒரு சுருக்கு வழி சொல்றேன். ஏர் ரெகுலேஷன்ஸ், மெட்டியராலஜி புத்தகத்தைப் பழசாவாவது வாங்கிக் கொடு. டிஜிசிஏ தேர்வுல ஒவ்வொரு பேப்பருக்கும் 70 சதவிகிதம் எடுத்தாத்தான் பாஸ். ஒரு மாசத்துல மேகத்தைப் பத்தியும் மூடுபனியைப் பத்தியும் உனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சான்னா, ஆசை நிஜம். புத்தகம் பிரிக்காமக் கிடந்தா, யூனிஃபார்ம் மேலதான் ஆசை. உடனே குத்திக் காட்டாதே, குறிச்சு வெச்சுக்கோ.

5. "ரீட்பேக்" பழக்கு

கன்ட்ரோல் டவர் ஒரு உத்தரவு கொடுத்தா, முக்கியமான விஷயத்தை பைலட் அப்படியே திருப்பிச் சொல்லணும். அதுக்குப் பேர் ரீட்பேக். "ம்", "சரி சரி" எல்லாம் அங்க செல்லாது. இதை வீட்டுக்குக் கொண்டு வா. "ஆறு மணிக்குள்ள பால் பாக்கெட், வர்ற வழியில தாத்தாவோட பிரஷர் மாத்திரை"ன்னு நீ சொன்னா, அவன் திருப்பிச் சொன்னப்புறம்தான் நீ நகரணும். முதல் வாரம் முறைப்பான். அப்புறம் அவனே பந்தாவா இங்கிலீஷ்ல சொல்ல ஆரம்பிப்பான். சொல்லட்டும், பால் வந்தா சரி.

அடுத்தவங்க பேச்சைக் காதுல வாங்காதவனுக்கு ஒரு சம்பவம் தேடிப் படிக்கச் சொல்லு. 1977-ல டெனெரிஃப் தீவுல ரெண்டு ஜம்போ ஜெட் ஓடுபாதையிலயே மோதி 583 பேர் செத்தாங்க. டேக்-ஆஃப் அனுமதி வராமலே ஒரு சீனியர் கேப்டன் விமானத்தைக் கிளப்பிட்டார். எதிர்ல இன்னொரு விமானம் இருக்கோன்னு பின்னால உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டதையும் தள்ளிட்டார். இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் கூட வேலை பார்க்கறவங்க பேச்சைக் காது கொடுத்துக் கேக்கறதையே சிஆர்எம்னு ஒரு பாடமா ஏர்லைன்ல வெச்சாங்க. இதை நீ சொன்னா பிரசங்கம், அவனே படிச்சா விஷயம். பேரை மட்டும் சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போ.

6. இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

- விருந்தாளி முன்னால "எங்க கேப்டன்"னு கூப்பிடாதே. இன்னும் படிக்கட்டுலயே கால் வைக்கல.
- "தேங்க்ஸ் சொல்லு"ன்னு கேட்டு வாங்காதே. கேட்டு வாங்கினது வாயிலதான் இருக்கும். செஞ்ச வேலையைக் கேளு, போதும்.
- சித்தி பையனோட ஒப்பிடாதே. அவன் நீட் எழுதறான், இவன் பாதை வேற.
- எதிர்த்துப் பேசறான்னு பயிற்சிப் பணத்துல கை வைக்காதே. பைக் பெட்ரோல், புது போன், ஸ்விக்கி ஆர்டர்ல வை. அங்கதான் வலிக்கும்.
- வேப்பிங், கஞ்சான்னு ஏதாவது வாடை அடிச்சா மூடி மறைக்காதே. விமானம் ஓட்டறவங்களுக்குப் போதை மருந்துச் சோதனையும் மூச்சுல ஆல்கஹால் சோதனையும் உண்டு. இதை அப்பா சொன்னா நல்லது, குரலை உயர்த்தாம.

7. வேற வழியையும் மேஜையில வை

இயற்பியல், வேதியியல், கணிதம் படிச்ச பசங்க என்டிஏ தேர்வு எழுதி விமானப்படைக்குப் போகலாம். பயிற்சிக்கு நாம காசு கட்ட வேண்டாம். 2022-லிருந்து பொண்ணுங்களையும் அங்க சேர்க்கறாங்க. ஆனா கண் விஷயத்துல சிவிலை விடக் கெடுபிடி, பைலட் திறன் தேர்வுல ஒரு தடவை தவறினா மறுபடி எழுத முடியாது. சிவில்தான் வேணும்னா, உத்தரப் பிரதேசத்துல ஃபுர்சத்கஞ்ச்னு ஒரு இடம், அங்க மத்திய அரசோட இக்ரூவா பயிற்சி மையம் 1985-லிருந்து இருக்கு. நுழைவுத் தேர்வு உண்டு. அங்கயும் ஃபீஸ் லட்சக்கணக்குலதான், ஆனா பேர் தெரிஞ்ச இடம்.

பைலட் லைசென்ஸுக்கு டிகிரி கட்டாயமில்ல. ஆனாலும் தொலைநிலையிலயாவது ஒண்ணு முடிக்கச் சொல்லு. 2012-ல கிங்ஃபிஷர் நின்னுது, 2019-ல ஜெட் ஏர்வேஸ் நின்னுது, அடுத்த வருஷமே கொரோனா. அப்ப லைசென்ஸைக் கையில வெச்சுக்கிட்டுக் காத்திருந்தவங்க எத்தனையோ பேர். வேலை கிடைக்கலைன்னாலும் மெடிக்கலைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும், அதுவும் செலவு.

8. ஸ்கூல் பார்க்கறப்ப ஏஜென்ட் பேச்சை நம்பாதே

"நூறு சதவிகிதம் வேலை"ன்னு ஒருத்தன் சொன்னா, காபி குடிச்சுட்டுக் கிளம்பிடு. டிஜிசிஏ அங்கீகாரப் பட்டியல்ல பேர் இருக்கா பாரு. 2025-லிருந்து தரவரிசையும் போடறாங்க, அதையும் பாரு. நேர்ல போய் மூணே கேள்வி கேளு: இன்னிக்குப் பறக்கற நிலையில எத்தனை விமானம் இருக்கு? பயிற்சி ஆசிரியர் எத்தனை பேர்? போன பேட்ச் 200 மணி நேரத்தை முடிக்க எத்தனை மாசம் ஆச்சு? மழைக்கும் மூடுபனிக்கும் பறக்காத நாள் நிறைய வரும், விமானமும் குறைவுன்னா ஒரு வருஷப் படிப்பு மூணு வருஷம் இழுக்கும், ஹாஸ்டல் செலவு உன் தலையில. இந்தக் கேள்விகளை உன் பையனே கேக்கட்டும், நீ பக்கத்துல நில்லு. பணத்தை மொத்தமா கட்டாதே. பறந்த மணி நேரத்துக்கு ஏத்த மாதிரி தவணைன்னு எழுதி வாங்கு.

9. ஹாஸ்டலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி

துணி துவைக்க, சோறு வடிக்க, பட்டன் தைக்கக் கத்துக் கொடு. ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பி, கடைசி வாரத்துல உன்னால முடியாது, அழுகையே வந்துக்கிட்டு இருக்கும். கொஞ்சம் ஹிந்தியும் பேசப் பழகட்டும், மெஸ்ல கேட்டு வாங்கவாவது உதவும். போனப்புறம் தினமும் நீ போன் பண்ணாதே. வாரத்துக்கு ஒரு தடவை அவனே பண்ணணும்னு பேசி வை. காசு கேக்க மட்டும் போன் வந்தா, "சாப்பிட்டியா, அப்பாகிட்ட பேசினியா"ன்னு கேட்டுட்டு, அனுப்பறதை மறுநாளைக்குத் தள்ளு.